மெய்க்கீர்த்திக்குக் கீழே

சோழர் கல்வெட்டுகள் பலவற்றில் முதலில் வருவது மெய்க்கீர்த்தி. மன்னன் வென்ற நாடுகள், கவர்ந்த யானைகள், புறமுதுகிட்ட பகைவர்கள். நம்மில் பலர் அதோடு நின்றுவிடுவோம். மேடைப் பேச்சுக்கு அது போதும். அதற்குக் கீழேதான் விஷயமே இருக்கிறது: எந்த நிலத்தை யார் விற்றார், நான்கெல்லை எது, எந்த வரி யார் தலையில் விழுந்தது. டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் நொபோரு கராஷிமா அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்தது அந்தக் கீழ்ப்பகுதியில்.

1933இல் பிறந்த அவர், 1960களின் தொடக்கத்தில் ஆய்வு மாணவராகச் சென்னைக்கு வந்தார். மத்திய அரசின் கல்வெட்டு அலுவலகம் அப்போது ஊட்டியில் இருந்தது. அங்கே போய் கல்வெட்டறிஞர் கே.ஜி. கிருஷ்ணனிடம் கல்வெட்டு வாசிக்கக் கற்றுக்கொண்டார். லேசான படிப்பல்ல. கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைந்த தாளை ஒட்டி, தூரிகையால் அடித்து அடித்து எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்கி, மேலே மை ஒற்றிப் படியெடுப்பார்கள். கறுப்புத் தாளில் எழுத்து வெள்ளையாகத் தெரியும். பெரும்பாலும் மெய்க்குப் புள்ளி இருக்காது; எகர ஏகார வேறுபாடும் இருக்காது. தமிழே தாய்மொழியானவர்கள்கூடத் திணறும் இடம்.

1966இல் அவர் வெளியிட்ட கட்டுரை திருச்சிக்கு அருகே காவிரிக்கரையில் உள்ள இரண்டு ஊர்களைப் பற்றியது. ஒன்று அல்லூர், மற்றது ஈசானமங்கலம். கோயிலுக்கு நிலம் விற்கும்போது, அக்கம்பக்கத்தில் யாருடைய நிலம் என்பதைக் கல்வெட்டில் சொல்லியாக வேண்டும். பிராமணர்களுக்குத் தானமாகத் தந்த பிரம்மதேயமான ஈசானமங்கலத்தில் அந்த இடத்தில் தனித்தனி பிராமணர்களின் பெயர்கள் வருகின்றன. பிராமணரல்லாத உழவர்களின் வெள்ளான் ஊரான அல்லூரிலோ ஊரே நிலத்தை விற்கிறது. அங்கே நிலம் கூட்டுடைமையாக இருந்தது என்று இதிலிருந்து அவர் முடிவுசெய்தார். எல்லை விவரத்தைச் சம்பிரதாயம் என்று தள்ளாமல் சாட்சியாக நிறுத்திய சாமர்த்தியம் அது. பிறகு காவிரிக் கீழ்ப்பகுதியின் கல்வெட்டுகளை வரிசையாகப் பார்த்து, பிற்காலச் சோழர் காலத்தில் தனியார் நில விற்பனை பெருகுவதையும் காட்டினார். இந்தியக் கிராமம் ஆயிரம் ஆண்டாக அசையாமல் கிடந்தது என்ற பழைய ஐரோப்பியக் கருத்துக்கு இதைவிட அமைதியான மறுப்பு இருக்க முடியாது.

அவருடைய நூல்களில் என்னை மலைக்கவைப்பது யாரும் பொழுதுபோக்குக்காகப் புரட்டாத ஒன்று. ஆய்வாளர்கள் எ. சுப்பராயலு, தோரு மட்சுய் ஆகியோருடன் சேர்ந்து 1978இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட சோழர் கல்வெட்டுப் பெயர்களின் அட்டவணை. ஒரு சோழ அதிகாரியின் பெயரில் அவன் ஊர், ‘உடையான்’ என்ற நிலவுரிமை, தகப்பன் பெயர், சொந்தப் பெயர், அரசன் தந்த ‘மூவேந்தவேளான்’ பட்டம் எல்லாம் அடுக்கடுக்காக வரும். ஒரு பெயரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கில் சேர்த்து, காலவாரியாகவும் இடவாரியாகவும் எண்ணினால் அரசாங்கமே தெரிய ஆரம்பிக்கும்.

சோழ மன்னனுக்கு மையப்பகுதிக்கு வெளியே சடங்கு சார்ந்த மேலாண்மைதான் இருந்தது, உண்மையான அதிகாரம் ‘நாடு’ என்ற சிறு வட்டாரங்களின் தலைவர்களான நாட்டார் கையில் என்று அமெரிக்க அறிஞர் பர்டன் ஸ்டெய்ன் 1980இல் விரிவாக வாதிட்டபோது, அதை மறுக்க இந்த எண்ணிக்கை கைகொடுத்தது. முதலாம் இராசராசன் காலத்து நில அளவை, நாடுகளைச் சேர்த்து அமைத்த வளநாடுகள், நிலவரியைக் கவனித்த புரவுவரித் திணைக்களத்து அதிகாரிகள் என்று கராஷிமாவும் சுப்பராயலுவும் அடுக்கிய சான்றுகளுக்கு முன்னால் ஸ்டெய்னின் கோட்பாடு தளர்ந்துபோனது. ஆனாலும் அந்தக் கோட்பாடு கிளப்பிய கேள்விகள் இல்லாமல் இவ்வளவு எண்ணியிருப்பார்களா என்றும் தோன்றுகிறது.

விஜயநகரக் காலத்துக்கு வந்தபோதும் அதே கண்தான். 1429இல் விருத்தாசலம், ஆடுதுறை போன்ற இடங்களில் பொறித்த கல்வெட்டுகளில், எப்போதும் முறைத்துக்கொள்ளும் வலங்கை, இடங்கைச் சாதிக் குழுக்கள் ஒன்றுகூடி வரிக்கொடுமையை எதிர்க்கின்றன. அதிகாரிகளுக்கும் அவர்களோடு கைகோத்த, நிலவுரிமை கொண்ட காணியாளருக்கும் யாரும் கணக்கு எழுதக் கூடாது என்று கட்டுப்பாடு போடுகின்றன. கணக்குப்பிள்ளை பேனாவைக் கீழே வைத்தால் வசூல் படுத்துவிடும் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

இடையில் கடல் வணிகத்தின் தடயம் தேடித் தென்னிந்தியக் கடற்கரையிலும் இலங்கையிலும் சீனப் பீங்கான் ஓடு பொறுக்கினார். வணிகக் குழுக் கல்வெட்டுகளைத் தேடினார். மனைவி தகாகோவோடு சேர்ந்து ஜப்பானியருக்கு இந்தியச் சமையலைச் சொல்லிக்கொடுத்தது தனிக்கதை. ‘ஒய்ஷின்போ’ என்ற பிரபல ஜப்பானியச் சித்திரக்கதையில், கறிக் குழம்பு பற்றி விளக்கும் பேராசிரியராக அவரே வருவார்.

1989 முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தின் தலைவராக இருந்தார். 1995இல் தஞ்சாவூர் மாநாடு அவர் தலைமைக் காலத்தில் நடந்தது. அதற்கு வந்த இலங்கை அறிஞர்கள் சிலர் திருப்பி அனுப்பப்பட்டது கசப்பாக முடிந்தது. 2009இல் தமிழக அரசு அடுத்த மாநாட்டைச் சில மாதங்களில் கோவையில் நடத்த விரும்பியபோது, தரமான ஆய்வுக் கட்டுரைகளுக்கு அவகாசம் வேண்டும் என்றார் கராஷிமா. தேர்தல் நெருங்கிய அரசுக்கு அந்தப் பொறுமை இல்லை. 2010 ஜூனில் செம்மொழி மாநாடு என்ற பெயரில் கோவையில் விழா தடபுடலாக நடந்தது. அவர் வரவில்லை, தலைவர் பொறுப்பையும் விட்டார். தமிழாய்வு அரசியலிலிருந்து விலகி நிற்க வேண்டும் என்று ‘தி இந்து’ நாளிதழில் எழுதினார். வேற்று நாட்டார் தமிழ் பேசினால் பொன்னாடை போர்த்துவோம். அவரே ஒரு வருடம் பொறுங்கள் என்றால் நமக்குக் காது கேட்காது.

2013இல் டோக்கியோ சென்ற பிரதமர் மன்மோகன் சிங் பத்மஸ்ரீ விருதை அவரிடம் நேரில் வழங்கினார். மறு ஆண்டு அவர் பதிப்பித்த தென்னிந்திய வரலாற்று நூல் வெளிவந்தது. 2015 நவம்பரில் காலமானார். ஊட்டிக் கல்வெட்டு அலுவலகத்தோடு 1966இல் மைசூருக்குப் போன படியெடுப்புகளில், அச்சேறாத தமிழ்க் கல்வெட்டுகள் இன்னும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.