ஒரு பாட்டில் ஒயின் 19 லட்ச ரூபாய்!
பழைய சரக்கு அசலா, போலியா? நிபுணர்களையே திணற அடித்த கதை

ஒரே ஒரு பாட்டில் சிவப்பு ஒயின். ஏலத்தில் அது போன விலை 1 லட்சத்து 5 ஆயிரம் பவுண்டு! அன்றைய நாணய மதிப்பில் ஏறத்தாழ 19 லட்ச ரூபாய்!

ஏலம் நடந்தது லண்டன் நகரில் உள்ள கிறிஸ்டி ஏலக் கம்பெனியில். நாள்: 1985-ம் ஆண்டு டிசம்பர் 5-ந் தேதி. இரண்டு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஏலம் எடுத்தவர் அமெரிக்கப் பத்திரிகை அதிபர் மால்கம் போர்ப்சின் மகன் கிறிஸ்டோபர் போர்ப்ஸ்.

அப்படி என்னதான் இருந்தது அந்த பாட்டிலில்?

கண்ணாடி மீது "1787" என்று பொறித்து இருந்தது. பக்கத்தில் பிரான்சு நாட்டின் போர்தோ பகுதியில் உள்ள புகழ் பெற்ற "லாபீட்" தோட்டத்தின் பெயர். அதற்கும் கீழே ஆங்கிலத்தில் "டி.எச்.ஜே." என்ற எழுத்துக்கள். அமெரிக்காவின் 3-வது ஜனாதிபதி தாமஸ் ஜெபர்சனின் பெயர்ச் சுருக்கம் அது என்றார்கள். ஜெபர்சன் 1785 முதல் 1789 வரை பிரான்சில் அமெரிக்கத் தூதராக இருந்தவர். ஒயின் பிரியர். 1787-ல் போர்தோவுக்கே நேரில் போய் வந்தவர்.

அவர் வாங்கி வைத்து, குடிக்காமல் விட்டுப் போன பாட்டில் என்றால் சும்மாவா?

பழசுக்கு ஏன் மவுசு?

பழைய அரிசிக்கு விலை கூடுதல் என்பது மளிகைக் கடைக்காரர்களுக்குத் தெரியும். ஒயினிலும் அதே கதைதான். ஆனால் எல்லா ஒயினும் அப்படி அல்ல. கடைகளில் விற்கும் ஒயினில் பெரும்பகுதி, சில ஆண்டுகளுக்குள் குடித்துவிட வேண்டிய சரக்கு. வைத்திருந்தால் வீண்தான். நல்ல தோட்டத்தில், நல்ல வெயில் காய்ந்த ஆண்டில் பறித்த திராட்சையில் செய்த ஒயின் மட்டுமே பல பத்தாண்டுகள் தாங்கும்.

திராட்சைத் தோலிலும் விதையிலும் துவர்ப்புச் சத்து உண்டு. புது ஒயினில் அது நாக்கைப் பிடித்து இழுக்கும். நாளாக ஆக துவர்ப்பும் சிவப்புச் சாயமும் ஒன்றோடு ஒன்று சேர்ந்து, கனத்து, அடியில் வண்டலாகப் படிந்துவிடும். ஒயின் சாந்தமாகிவிடும். கத்தரிப்பூ நிறம் கலந்த சிவப்பு மாறி, செங்கல் நிறம் வரும். பழ வாசனை குறையும். அதற்குப் பதிலாக காய்ந்த இலை, காளான், தோல், புகையிலை போன்ற வாசனைகள் தலைகாட்டும்.

இந்த வாசனைக்குத்தான் பணக்காரர்கள் பையை அவிழ்க்கிறார்கள்!

குடிக்கும் முன்பு ஆயிரம் சடங்கு

பழைய பாட்டிலைப் படுக்க வைத்துத்தான் பாதுகாக்க வேண்டும். அப்போதுதான் தக்கை ஈரமாக இருக்கும். தக்கை காய்ந்தால் சுருங்கும். காற்று உள்ளே போகும். ஒயின் கெட்டுவிடும். வெயில் ஆகாது. சூடு ஆகாது. 12, 13 டிகிரி குளிர்ச்சியில் இருட்டறையில் கிடக்க வேண்டும்.

குடிப்பதற்கு ஒரு நாள் முன்னால் பாட்டிலை நிமிர்த்தி வைக்கிறார்கள். வண்டல் அடியில் இறங்குவதற்காக. பிறகு தக்கையைப் பதமாக உருவி எடுக்கிறார்கள். கிழட்டுத் தக்கை, அவசரப்பட்டால் உதிர்ந்துவிடும். அப்புறம் பாட்டில் கழுத்துக்குக் கீழே மெழுகுவர்த்தி வெளிச்சம் காட்டி, வேறு ஒரு கண்ணாடிக் குடுவைக்கு மெதுவாக ஊற்றுகிறார்கள். வண்டல் கழுத்துக்கு வந்ததும் டக்கென்று நிறுத்திவிட வேண்டும்.

டம்ளரைச் சாய்த்து, வெள்ளைத் துணிக்கு எதிரே பிடித்து, ஓரத்து நிறத்தைப் பார்க்கிறார்கள். மூக்கை வைத்து முகர்கிறார்கள். ஒரு வாய் எடுத்து நாக்கில் புரட்டுகிறார்கள். மிகவும் பழைய ஒயின் என்றால் தாமதிக்கக்கூடாது. காற்றுப் பட்டதும் வாசனை எழும்பும். கொஞ்ச நேரத்தில் போயே போய்விடும்.

விளக்கால் வந்த வினை

போர்ப்ஸ் குடும்பத்தார் 19 லட்ச ரூபாய் பாட்டிலைக் குடிக்கவில்லை. நியூயார்க்கில் தங்கள் கண்காட்சி மண்டபத்தில், ஜெபர்சன் பயன்படுத்திய மற்ற பொருட்களோடு காட்சிக்கு வைத்தார்கள். பளிச்சென்று விளக்கும் போட்டார்கள். விளக்குச் சூட்டில் தக்கை காய்ந்து, சுருங்கி, பாட்டிலுக்குள்ளேயே விழுந்துவிட்டது! அவ்வளவுதான். ஒயின் பாழ்!

இன்னொரு பாட்டிலின் கதி அதைவிட மோசம். அது 1787-ம் ஆண்டு "மார்கோ" ஒயின். அதிலும் ஜெபர்சன் பெயர்ச் சுருக்கம். 1989-ல் நியூயார்க் வியாபாரி வில்லியம் சோகோலின் அதை ஒரு ஓட்டல் விருந்துக்குத் தூக்கிக்கொண்டு போனார். போன இடத்தில் பாட்டில் இடிபட்டு உடைந்தது. இன்சூரன்சு இருந்ததால் அவர் தப்பினார். கிடைத்த தொகை 2 லட்சத்து 25 ஆயிரம் டாலர்.

கணக்கு நோட்டு சொன்ன சேதி

இந்த "ஜெபர்சன் பாட்டில்கள்" எல்லாம் ஒருவர் கையில் இருந்து வந்தவை. அவர் பெயர் ஹார்டி ராடன்ஸ்டாக். ஜெர்மனிக்காரர். பாட்டுக் கச்சேரித் தொழிலில் இருந்தவர். பாரீசில் ஒரு பழைய வீட்டுப் பாதாள அறையில், சுவர் வைத்து அடைத்த இடத்தில் கிடைத்தன என்றார். எந்த வீடு? சொல்லவில்லை. எத்தனை பாட்டில்? அதையும் சரியாகச் சொல்லவில்லை.

ஜெபர்சனுக்கு ஒரு பழக்கம் உண்டு. வரவு, செலவு எல்லாவற்றையும் எழுதி வைப்பார். 1767 முதல் 1826-ல் சாகும் வரை கணக்கு எழுதினார். என்ன ஒயின், யாரிடம், என்ன விலை என்று எல்லாம் இருக்கும். அவர் வாழ்ந்த மான்டிசெல்லோ மாளிகையின் ஆராய்ச்சியாளர்கள் அதைப் புரட்டிப் பார்த்தார்கள். இந்த பாட்டில்களைப் பற்றிய சுவடே இல்லை!

ஆனாலும் வாங்கியவர்கள் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். அமெரிக்கக் கோடீசுவரர் பில் கோக் 1988-ல் இதே வகையில் 4 பாட்டில் வாங்கினார். விலை ஏறத்தாழ 5 லட்சம் டாலர். 2005-ல் பாஸ்டன் அருங்காட்சியகத்தில் அவற்றை வைக்க ஏற்பாடு ஆனது. "எங்கிருந்து வந்தது என்பதற்கு அத்தாட்சி கொடுங்கள்" என்று கேட்டார்கள். கோக்கிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. அப்போதுதான் அவருக்குச் சுருக்கென்றது. முன்னாள் எப்.பி.ஐ. அதிகாரியை வைத்துத் துப்புத் துலக்கினார்.

அணுகுண்டும் ஒயினும்

1945-க்குப் பிறகு நடந்த அணுகுண்டு வெடிப்புகளால் "சீசியம்-137" என்ற கதிர்வீச்சுப் பொருள் உலகம் எங்கும் பரவியது. திராட்சையிலும் ஏறியது. அதனால் பாட்டிலைத் திறக்காமலே கருவி வைத்து அளந்து, ஒயின் அதற்கு முந்தியதா, பிந்தியதா என்று சொல்லிவிடலாம். பிரான்சு விஞ்ஞானி பிலிப் ஹூபேர் இந்த வேலையில் கெட்டிக்காரர்.

கோக்கின் பாட்டிலில் சீசியம் இல்லை. ஆகவே 1945-க்கு முந்தியது. ஆனால் 1787-ஆ, 1930-ஆ என்று இந்தச் சோதனையால் சொல்ல முடியாதே!

கடைசியில் காட்டிக் கொடுத்தது எழுத்துத்தான். பாட்டில் மேல் இருந்த பொறிப்பு, மின்சாரத்தால் சுழலும் கருவியால் செய்தது என்று நிபுணர்கள் சொன்னார்கள். ஜெபர்சன் காலத்தில் மின்சாரக் கருவி ஏது?

2006-ல் கோக் வழக்குப் போட்டார். ராடன்ஸ்டாக் குற்றச்சாட்டை மறுத்தார். அமெரிக்க கோர்ட்டுக்குத் தன் மீது அதிகாரம் இல்லை என்றார். 2018-ல் இறந்து போனார்.

சமையல் அறையில் தயார்!

இவரையும் தூக்கிச் சாப்பிட்டவர் ரூடி குர்னியவான். இந்தோனேசியாவில் பிறந்தவர். லாஸ் ஏஞ்சல்சில் தன் வீட்டிலேயே ஒயின்களைக் கலந்து, பழைய பாட்டிலில் ஊற்றி, பழைய லேபிள் மாதிரி அச்சடித்து ஒட்டி விற்றார். ருசி பார்ப்பதில் மன்னன் என்று பெயர் எடுத்தவர்களே ஏமாந்தார்கள். கோக்கும் அதில் ஒருவர்!

2008-ல் நியூயார்க் ஏலத்துக்கு "பொன்சோ" குடும்பத்தின் ஒரு வகை ஒயின் வந்தது. 1945-ம் ஆண்டுச் சரக்கு உள்பட பல பாட்டில்கள். குடும்பத் தலைவர் லாரன் பொன்சோ விமானம் ஏறி வந்துவிட்டார். காரணம், அந்த வகையை அவர்கள் தயாரிக்கத் தொடங்கியதே 1982-ல்தான்! பாட்டில்கள் ஏலத்தில் இருந்து நீக்கப்பட்டன. குர்னியவான் 2012-ல் கைதானார். 2014-ல் 10 ஆண்டு சிறைத் தண்டனை. 2021-ல் நாடு கடத்தப்பட்டார்.

ருசியால் கண்டுபிடிக்க முடியாதா? அதுதான் சிக்கல். 1787 ஒயின் எப்படி ருசிக்கும் என்று ஒப்பிட்டுச் சொல்ல எத்தனை பேர் இருக்கிறார்கள்? திறந்து பார்த்தால்தான் உண்மை தெரியும். திறந்துவிட்டால் விலை போய்விடும்!

அதனால் இப்போது விவரம் தெரிந்தவர்கள் முதலில் கேட்பது, "எந்த ஆண்டு?" என்பதை அல்ல. "யார் வீட்டில் இருந்தது? எத்தனை கை மாறியது?" என்பதைத்தான். 2018-ம் ஆண்டு அக்டோபரில் நியூயார்க் சோத்பி ஏலத்தில், 1945-ம் ஆண்டு "ரொமானி கோன்டி" ஒரு பாட்டில் 5 லட்சத்து 58 ஆயிரம் டாலருக்குப் போனது. நம்ம ஊர்ப் பணத்தில் 4 கோடி ரூபாய்க்கு மேல். அந்த ஆண்டில் தயாரானதே 600 பாட்டில்கள்தான் என்பது ஒரு காரணம். அது பிரான்சு ஒயின் வியாபாரி ராபர்ட் துருவேன் குடும்பத்தின் சொந்த நிலவறையில் இருந்து நேராக ஏலத்துக்கு வந்தது என்பது இன்னொரு காரணம்.

சரக்கு பழசாக இருந்தால் மட்டும் போதாது. வந்த வழிக்கும் கணக்கு இருக்க வேண்டும்!