டொமைன் யார் பெயரில்?

சிறிய கடைக்கோ கிளினிக்குக்கோ வெப்சைட் செய்யப் பேசும்போது பேச்சு பெரும்பாலும் தோற்றத்தைச் சுற்றியே போகிறது. என்ன நிறம், லோகோ எவ்வளவு பெரிதாக இருக்கலாம், முகப்பில் படங்கள் ஓட வேண்டுமா, எதிர்க்கடைக்காரர் சைட்டில் இருக்கிற மாதிரி வாட்ஸப் பட்டன் வேண்டுமா. கடைசியில் டிசைனர் ஒரு தொகை சொல்வார். கூடவே, ‘முதல் வருஷம் டொமைனும் ஹோஸ்டிங்கும் ஃப்ரீ’ என்பார். கடைக்காரருக்கு மகிழ்ச்சி. டொமைன் டிசைனரின் கணக்கில், டிசைனரின் மின்னஞ்சலில், டிசைனரின் பெயரிலேயே பதிவாகப்போகிறது என்பது அந்த இலவசத்துக்குள்ளேயே முடிவாகிவிடுகிறது. இதில் பெரும்பாலும் வஞ்சகம் எதுவும் கிடையாது. எல்லாக் கிளையன்ட்டையும் ஒரே லாகினில் பார்த்துக்கொள்வது அவருக்கு வசதி, அவ்வளவுதான். ஆனால் நல்ல சைட்டுகளையும் கொல்வது இந்த வசதிதான் என்பது என் கட்சி. தனியாகத் தொழில் செய்யும் வெப் டிசைனரை எடைபோட ஒரு கேள்வி போதும்: நாளைக்கே அவர் தொழிலை விட்டுவிட்டால், அவர் செய்துகொடுத்த சைட் ஓடுமா?

டொமைனை ‘வாங்கினேன்’ என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையில் அது ஆண்டுக் கணக்கில் எடுக்கும் வாடகை. டாட் காம் பெயர்களுக்கு ஐகான் என்ற சர்வதேச அமைப்பு விதி வகுக்கிறது. டாட் இன் பெயர்கள் நம் நாட்டு நிக்ஸி என்ற அமைப்பின் பொறுப்பில் இருக்கின்றன. ஐகான் விதிப்படி, காலக்கெடுவுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பு ஒன்று, ஒரு வாரம் முன்பு ஒன்று, கெடு முடிந்த 5 நாளுக்குள் இன்னொன்று என்று பதிவு நிறுவனம் அறிவிப்பு அனுப்பியாக வேண்டும். அறிவிப்பு போவது பதிவில் இருக்கிற மின்னஞ்சலுக்கு. அது டிசைனருடையது, அவர் அதற்குள் பெங்களூரில் வேலை கிடைத்துப் போயிருந்தால், பழைய மின்னஞ்சலைத் திறந்து பார்த்தே மாதங்கள் ஆகியிருக்கும். பெயர் பதிவிலிருந்து நீக்கப்பட்ட பிறகும் மீட்டுக்கொள்ள 30 நாள் அவகாசம் உண்டு, புதுப்பிக்கும் கட்டணத்தைப்போல் பல மடங்கு கொடுத்தால். அதன்பின் 5 நாள் கழித்து அந்தப் பெயர் யாருக்கு வேண்டுமானாலும் கிடைக்கும். இப்படி விழும் பெயர்களைப் பிடிப்பதற்கென்றே இரவும் பகலும் ஓடும் மென்பொருள்கள் இருக்கின்றன. விசிட்டிங் கார்டிலும் பெயர்ப்பலகையிலும் கட்டைப்பையிலும் அச்சடித்து வைத்த முகவரியைத் தட்டினால் ரம்மி விளம்பரம் திறப்பது இப்படித்தான். அதைவிட மோசம், அந்த டொமைனில் வைத்திருந்த மின்னஞ்சல். பெயரைப் பிடித்தவர் அதே முகவரியை மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம். கடைக்காரர் எந்தெந்தச் சேவைக்கு அந்த மின்னஞ்சலைக் கொடுத்திருந்தாரோ அவற்றின் பாஸ்வேர்டை மாற்றும் கடிதமெல்லாம் அங்கே போய் இறங்கும்.

பெயர் பறிபோகாமல் டிசைனர் கையிலேயே இருந்து, இருவருக்கும் மனக்கசப்பு வந்தால்? பதிவு நிறுவனம் பார்ப்பது பதிவேட்டை. ஜிபேயில் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை அல்ல. தகராறு தீர்க்க வழி இல்லாமல் இல்லை. டாட் காமுக்கு 1999 முதல் ஐகானின் தீர்வு முறை இருக்கிறது, டாட் இன்னுக்கு நிக்ஸியின் நடுவர் முறை இருக்கிறது. இரண்டும் அடுத்தவர் வணிகப் பெயரைக் கெட்ட எண்ணத்தோடு பிடித்துவைப்பவர்களைக் கருதி அமைந்தவை. வாடிக்கையாளர் சொல்லித்தான் பதிவு செய்தேன், பாக்கி வரவில்லை என்று டிசைனர் சொன்னால், டிரேட்மார்க் பதிவுகூட இல்லாத கடைக்காரர் அங்கே தன் பக்கத்தை நிறுவுவது சுலபமல்ல. செலவோ, ஆண்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் பெறும் ஒரு பெயருக்குச் சற்றும் ஒவ்வாதது.

டிசைனர்கள் இதற்குச் சொல்லும் முதல் பதிலில் நியாயம் இருக்கிறது. கிளையன்ட்டிடம் கொடுத்தால் பாஸ்வேர்டைத் தொலைத்துவிடுவார், புதுப்பிக்க மறப்பார், பிறகு நள்ளிரவில் நமக்குத்தான் போன் வரும் என்கிறார்கள். உண்மைதான். ஆனால் அதே கடைக்காரர் மாதந்தவறாமல் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்ய ஏற்பாடு செய்கிறார், கடை உரிமத்தைப் புதுப்பிக்கிறார், ஓடிபி வராத ஒரு நாளைக்கூட அவர் கடப்பதில்லை. தன் பெயரில் இருக்கிறது, தவறினால் போய்விடும் என்று தெரிந்த காரியத்தை அவர் தவறவிடுவது அபூர்வம். டொமைன் அந்தப் பட்டியலில் இல்லாததற்குக் காரணம், அது அவருடையது என்று யாரும் அவரிடம் சொல்லாததுதான். கணக்கு அவர் பெயரில் இருந்தால் டிசைனர் கைகட்டி நிற்க வேண்டியதும் இல்லை; நிர்வகிக்க மட்டும் இன்னொருவருக்கு அனுமதி தரும் வசதி பல பதிவு நிறுவனங்களில் இருக்கிறது. ‘ஆட்டோ ரினீவல் போட்டிருக்கிறேன், கவலை வேண்டாம்’ என்பதையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் 1 முதல் கார்டில் தானாகப் பணம் எடுப்பதற்குக் கூடுதல் ஒப்புதலைக் கட்டாயமாக்கியபோது, அந்த ஏற்பாட்டுக்குள் வராத வெளிநாட்டு நிறுவனங்கள் பலவற்றுக்கு இந்திய கார்டுகளிலிருந்து பணம் போவது நின்றது. யாருடைய கார்டு, அது இன்னும் செல்லுமா என்று வருஷத்துக்கு ஒருமுறை மனிதர் ஒருவர் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது பதிலை யாரும் உரக்கச் சொல்வதில்லை: டொமைன் என் கையில் இருந்தால்தான் பாக்கி வரும். சிறு தொழில்காரர்களிடம் காசு வாங்குவது எவ்வளவு பாடு என்பதை அறிந்தவர்கள் இதைக் கேட்டு முகம் சுளிக்க மாட்டார்கள். இருந்தாலும் இது பலவீனமான பிடி. டொமைனைப் பிடித்துவைத்து வசூலித்த டிசைனருக்கு அந்தக் கடைவீதியில் அடுத்த வேலை வராது. பாக்கிக்கு வழி பணத்தைப் பிரித்து வாங்குவது: தொடங்கும்போது அட்வான்ஸ், மாதிரியைக் காட்டும்போது ஒரு பங்கு, நேரலைக்குப் போகும் முன் மீதி. அதைவிட முக்கியம் பில்லைப் பிரிப்பது. டொமைனுக்கு இவ்வளவு, ஹோஸ்டிங்குக்கு இவ்வளவு, என் உழைப்புக்கு இவ்வளவு என்று மூன்று வரியாக எழுதினால் ‘ஃப்ரீ’ மறைந்துவிடும்; பராமரிப்புக்குத் தனியாக ஆண்டு ஒப்பந்தம் (ஏஎம்சி) கேட்பதும் இயல்பாகிவிடும். எல்லாவற்றையும் ஒரே தொகையில் மூடிக் கொடுத்த டிசைனர்தான், இரண்டாம் ஆண்டு ரினீவல் கேட்கும்போது ‘போன வருஷமே கொடுத்தாச்சே’ என்ற பதிலை வாங்கிக்கொள்கிறார்.

பராமரிப்பு என்றதும் கருவிக்கு வர வேண்டும். 2003இல் வந்த வேர்ட்பிரஸ் இன்று உலகத்து வெப்சைட்டுகளில் பத்தில் நான்குக்கும் மேல் தாங்குகிறது. இலவசம், திறந்த மூலம், எந்த ஊரிலும் அதைத் தெரிந்த ஆள் கிடைப்பார்; டிசைனரை மாற்றும் சுதந்திரத்துக்கு அது நல்ல கருவியும்கூட. சிக்கல் அதன்மேல் ஏற்றப்படும் தீம்களிலும் பிளக்இன்களிலும் இருக்கிறது. முகவரி, நேரம், போன் நம்பர், நாலு படம் இவ்வளவே உள்ள ஐந்து பக்க சைட்டுக்கு இருபது பிளக்இன். ஒவ்வொன்றும் அவ்வப்போது ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு அடைக்கப்படும் சமாச்சாரம். அப்டேட் செய்யாமல் விட்டால் ஒரு நாள் கூகுள் தேடலில் அந்தப் பல் மருத்துவமனையின் பெயருக்குக் கீழே ஜப்பானிய எழுத்தில் கைப்பை விற்பனை வரிசை கட்டும். இது கற்பனையல்ல; இந்த வகைத் தாக்குதலுக்குத் தனிப்பெயரிட்டு, சரிசெய்யும் வழியையும் கூகுளே வெளியிட்டிருக்கிறது. வேர்ட்பிரஸை இயக்க சர்வரில் ஓடும் பிஎச்பி மொழிக்கும் ஆயுள் உண்டு: 7.4 பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றன. ஆக, கவனிக்க ஆள் இல்லாத இடத்தில் வேர்ட்பிரஸ் போலத் தரவுத்தளம் வைத்த சைட்டைக் கட்டுவதே தவறு. வெறும் எச்டிஎம்எல் பக்கங்களில் உடைத்து நுழையப் பெரிதாக ஒன்றுமில்லை. கட்டணமின்றி வைத்துக்கொள்ளவும் இடங்கள் இருக்கின்றன. விலைப் பட்டியலைக் கடைக்காரரே மாற்ற வேண்டாமா என்பார்கள். தினம் மாற்றுகிறவருக்கு வேர்ட்பிரஸ் வேண்டும்தான். ஆனால் அட்மின் பாஸ்வேர்டு வாங்கிய நாளோடு உள்ளே போகாதவர்கள் எத்தனை பேர் என்று எந்த டிசைனரைக் கேட்டாலும் சிரிப்பார்.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் இதற்குள் கேட்டிருப்பார்கள்: இன்ஸ்டாகிராமும் வாட்ஸப்பும் கூகுள் மேப்பும் இருக்கும்போது சைட் எதற்கு? பலருக்குத் தேவையில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். தெருமுனை இட்லிக் கடைக்கு மேப்பில் சரியான இடமும் நேரமும் இருந்தால் போதும். அதற்கு சைட் விற்கும் டிசைனர் நல்லது செய்யவில்லை. ஆனால் வெளியூரிலிருந்து ஆர்டர் எதிர்பார்க்கும் ஜமக்காள நெசவுக்கூடத்துக்கோ நாற்றுப் பண்ணைக்கோ கதை வேறு. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸப் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் உலகம் முழுக்க ஒன்றாகப் படுத்தன. அது ஒரு நாள் கூத்து. நிரந்தரமாகப் போனதற்கும் சான்று இருக்கிறது: கூகுளின் வணிகப் பக்கத்தோடு சேர்த்துச் சிறு கடைகளுக்கு இலவசமாகக் கிடைத்த வெப்சைட்டுகளை 2024 மார்ச்சில் கூகுள் மூடிவிட்டது. சில மாதம் மேப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டார்கள், பிறகு அதுவும் நின்றது. போர்டில் அந்த முகவரியை எழுதியவர்கள் பெயின்டரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. மாதச் சந்தாவில் நாமே இழுத்து வைத்து சைட் கட்டும் சேவைகளிலும் இதே முடிச்சு உண்டு. அவற்றில் ஒன்றான விக்ஸில் கட்டிய சைட்டை அப்படியே பெயர்த்து வேறு சர்வரில் வைக்க முடியாது. சொந்த டொமைன் மட்டும் கையில் இருந்தால், பின்னால் இருக்கும் சைட் எங்கே மாறினாலும் வெளியே தெரியும் முகவரி மாறாது.

சைட்டின் உள்ளே இருப்பது யாருடையது என்ற கேள்வி அதற்கும் அடுத்தது; இதில் சட்டம் பலரும் நினைப்பதற்கு நேர் எதிர். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பின் கணக்கில் சேர்க்கிறது. சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் எழுதினால் முதல் உரிமை முதலாளிக்கு. தனியாகத் தொழில் செய்பவர் எழுதிக் கொடுத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எழுதியவருக்கே. முழுப் பணம் கட்டியிருந்தாலும் சரி. உரிமை மாற வேண்டுமானால் 19ஆம் பிரிவுப்படி எழுத்தில், கையெழுத்தோடு மாற வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று அந்தத் தாளில் குறிக்காவிட்டால் 5 ஆண்டு என்றும், எந்த நிலப்பரப்புக்கு என்று குறிக்காவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். ஆகவே கடைசித் தவணை வாங்கும் நாளில் டிசைனர் தர வேண்டியது ஒரு பக்கத் தாள்: டொமைன் எந்த நிறுவனத்தில், யார் பெயரில், எந்த மின்னஞ்சலில், எந்தத் தேதி வரை, ஹோஸ்டிங் எங்கே, பேக்கப் எந்த பென்டிரைவில், படங்கள், எழுத்து, நிரல் எல்லாவற்றின் உரிமையும் காலவரையின்றி, உலகம் முழுமைக்கும் கடைக்காரருக்கு மாற்றப்பட்டது என்ற இரண்டு வரி, கீழே இருவர் கையெழுத்து. பாஸ்வேர்டுகளை மட்டும் அந்தத் தாளில் எழுதக் கூடாது.