பாட்டுக்கென்று ஒரு பெட்டி

காலை யூனிட் ரயிலில் ஆவடியில் ஏறிப் பட்டரவாக்கம் வருவதற்குள் பெட்டியில் பாதிப் பேர் காதில் எதையாவது செருகியிருப்பார்கள். எல்லாருக்கும் பாட்டு வருவது செல்போனிலிருந்து. எங்கோ ஒருவர் மட்டும் பொத்தான் வைத்த சின்னக் கருவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வயர் மாட்டிக் கேட்டபடி வருவார். அவருடைய போன் பைக்குள் கிடக்கும். இந்தக் காலத்தில் எம்பி3 பிளேயரா என்று பக்கத்தில் நிற்பவர் ஒரு பார்வை பார்ப்பார். பாட்டுக்கென்று தனியாக ஒரு பெட்டி வைத்துக்கொள்வது இந்தத் தடத்துக்குப் புதிதல்ல. நாற்பது வருஷத்துக்கு முன்பு இங்கே பலருக்கும் அதுதான் ஆசை.

அம்பத்தூர் எஸ்டேட் 1964இல் தொடங்கியது. எண்பதுகளில் அங்கே லேத் பட்டறையில் பாட்டு என்றால் சுவரில் ஆணியடித்து மாட்டிய ரேடியோதான். விவித பாரதி போட்டதைக் கேட்க வேண்டும். வீட்டுக்கு ஒரு டூ இன் ஒன் வாங்கத் தீபாவளி போனஸ் வரை காத்திருக்க வேண்டும். சோனி வாக்மேன் 1979 ஜூலையில் ஜப்பானில் வெளியானது. இங்கே அது துபாய், சிங்கப்பூர் போய்வந்த உறவினர் வீட்டில் இருக்கும்; இல்லையென்றால் பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்க வேண்டும். அதை இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொண்டு டன்லப் நிறுத்தத்தில் ஒருவர் நின்றால் மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்க்கும். (டன்லப் ஆலை போய்விட்டது, நிறுத்தத்தின் பெயர் மட்டும் போகவில்லை.) இரண்டு பென்சில் பேட்டரியில் ஓடும் பெட்டி அது. பேட்டரி இறங்க இறங்க டேப் மெதுவாகச் சுற்றும். ஜானகியின் குரல் கொஞ்சம் கொஞ்சமாக ஆண் குரலாகிவிடும். பேட்டரியைக் கழற்றி வெயிலில் காயவைத்தால் இன்னும் நாலு பாட்டுக்குத் தாங்கும் என்பது அன்றைய நம்பிக்கை.

கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் ரெக்கார்டிங் சென்டர் அப்போது எல்லாக் கடைத்தெருவிலும் உண்டு. கோடு போட்ட தாளில் பட்டியல் எழுதிக்கொண்டு போக வேண்டும். அறுபது நிமிஷக் கேசட் என்றால் பக்கத்துக்கு அரைமணி. ஆறு, ஏழு பாட்டுக்கு மேல் பிடிக்காது. கடைக்காரர் பட்டியலை வாங்கி மனக்கணக்குப் போட்டுவிட்டு, “ஏ சைடு கடைசில மூணு நிமிஷம்தான் நிக்குது, சின்னப் பாட்டா ஒண்ணு சொல்லுங்க சார்” என்பார். நாம் தலையைச் சொறிவோம். டிடிகே என்றால் ஒரு விலை, மெல்ட்ராக் என்றால் ஒரு விலை. வாங்கி வந்ததும் முதல் வேலை, கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் நாக்குகளையும் உடைத்துவிடுவது. அப்புறம் வீட்டுப் பிள்ளைகள் யாரும் தெரியாமல் ரெக்கார்ட் பொத்தானை அழுத்திப் பாட்டை அழிக்க முடியாது. மனசு மாறினால் அந்த ஓட்டையில் ஒரு துண்டு செலோடேப் ஒட்டினால் மறுபடி பதியலாம்.

சட்டப்படி பார்த்தால் அந்தக் கடைகள் செய்தது திருட்டுப் பதிவுதான். எக்கோ, சங்கீதா என்று அசல் கேசட் வாங்குகிறவர்கள்கூட, பிடித்ததை மட்டும் ஒன்றாகத் திரட்ட அங்கேதான் போனார்கள். பதின்மூன்று பாட்டுக்குள் அடக்க வேண்டும் என்றால் எதை அடிப்பது என்று யோசித்தே ஆக வேண்டும். அந்தக் கேசட்டில் எந்தப் பாட்டுக்கு அப்புறம் எந்தப் பாட்டு என்பது இன்றைக்கும் சிலருக்கு நினைவிருக்கிறது என்றால் காரணம் அந்த யோசனைதான்.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. 700 எம்பி சிடியில் நூற்றைம்பது பாட்டை அடைத்து நடைபாதையில் விற்றார்கள். 2001 அக்டோபரில் ஆப்பிள் ஐபாடை அறிமுகப்படுத்தியது. நம் பக்கத்தில் அதை வைத்திருந்தவர்கள் குறைவு, அதே சாயலில் ரிச்சி தெருவில் கிடைத்த சீனப் பிளேயர்தான் கைக்கு எட்டியது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை ஓடத் தொடங்கியது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கம்பெனி பஸ்கள் கூடின. போனுக்குள்ளேயே மெமரி கார்டு வந்ததும் செல்போன் கடைகளில் ‘பாட்டு ஏற்றித் தரப்படும்’ என்று அட்டை தொங்கியது. பட்டியல் எழுதும் வழக்கம் அங்கே ஒழிந்தது. “டூ ஜிபி ஃபுல்லா போட்டுக் குடுங்கண்ணா” என்றால் முடிந்தது. அந்த நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஐபாட் தயாரிப்பை ஆப்பிள் 2022 மே மாதத்தில் நிறுத்தியது.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிந்ததும் கார்டும் தேவையில்லாமல் போயிற்று. இதில் லாபம் கொஞ்சமில்லை. ஐம்பதுகளில் வந்து மறைந்த படத்தின் பாட்டு ஒன்றைத் தேடிப் பாட்டுப் புத்தகம் விற்கிற கடை வரை அலைந்தவர்களுக்கு, இன்று அது சில விநாடியில் காதில் விழுகிறது. ஆனால் போனில் பாட்டு மட்டும் தனியாக வருவதில்லையே. சரணம் தொடங்கும்போது லோன் வேண்டுமா என்று ஒரு கால். பாட்டை மாற்றலாம் என்று திரையைத் திறந்தால் அப்பார்ட்மெண்ட் குரூப்பில் தண்ணீர் லாரிச் சண்டை. அதற்கு ஒரு பதில் போட்டுவிட்டுத் தலை நிமிர்ந்தால் வில்லிவாக்கம் தாண்டியிருக்கும். பாட்டு எப்போதோ நின்றிருக்கும்.

தனிப் பிளேயர் தேடுகிறவர்கள் ஓடுவது இதிலிருந்துதான். கடையில் என்ன இருக்கிறது? பெரியவர்களுக்காக 2017இல் சரிகம இறக்கிய கார்வான் இருக்கிறது. தமிழ்க் கார்வானில் 5,000 பாட்டுகளை ஏற்றியே கொடுக்கிறார்கள். குமிழைத் திருகினால் போதும். ஆனால் அதில் ஏற்றி வருவது அந்த நிறுவனம் உரிமை வைத்திருக்கும் பாட்டுகள் மட்டும், வீட்டில் மேஜை மேல் வைத்துக் கேட்கிற பெட்டியும்கூட. சோனியின் இன்றைய வாக்மேன்களில் ஒன்றான ஏ306, 2023இல் சுமார் 26,000 ரூபாய்க்கு இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. ஒலி அருமை. ஆனால் அது ஓடுவது ஆண்ட்ராய்டில். வைஃபை உண்டு, ஆப் போட்டுக்கொள்ளலாம். போனிலிருந்து தப்பிக்க 26,000 கொடுத்து, பேச முடியாத இன்னொரு போனை வாங்குவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. ஃபியோ நிறுவனத்தின் எக்கோ மினி 2025இல் வந்தது. பழைய கேசட் பிளேயர் சாயல், பொத்தான்கள், 256 ஜிபி வரை கார்டு; வைஃபையும் இல்லை, ஆப்பும் இல்லை. அந்த ‘இல்லை’களுக்காகவே அதைத் தேர்ந்தெடுக்கலாம். எஃப்எம்மும் இல்லை என்பது மட்டும் எனக்குக் குறை. இந்தியாவின் முதல் எஃப்எம் ஒலிபரப்பே 1977 ஜூலை 23 அன்று நம் சென்னையில்தான் தொடங்கியது. பூந்தமல்லிப் பக்கத்துக் காவலாளிகள் பட்டன் போனில் கார்டைச் செருகி, எஃப்எம்மும் சேர்த்துக் கேட்கிறார்கள். அதைவிட மலிவான வழி ஒன்று உண்டென்றால், அலமாரியில் கிடக்கும் பழைய ஸ்மார்ட்போனில் சிம்மை எடுத்துவிட்டுப் பாட்டை நிரப்புவதுதான்.

பாட்டை எங்கிருந்து நிரப்புவது? வாங்குகிறவர்கள் பலர் இந்த இடத்தில்தான் திகைத்து நிற்கிறார்கள். ஸ்பாட்டிஃபையில் காசு கட்டி டவுன்லோட் செய்த பாட்டு அந்த ஆப்புக்குள் பூட்டியே இருக்கும். அதை எடுத்துப் பிளேயர் கார்டில் போட முடியாது. சந்தா நின்றால் அதுவும் போச்சு. ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடை 2012 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்தது; அங்கே பாட்டுக்குப் பாட்டு விலை கொடுத்து வாங்கினால் பூட்டு கிடையாது, பிளேயர் ஏஏசி வடிவத்தைப் படிக்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொரு வழி, பரணில் கிடக்கும் அசல் சிடிக்கள். லேப்டாப்பில் சிடி டிரைவ் இல்லாவிட்டால் யூஎஸ்பியில் மாட்டுவது தனியாகக் கிடைக்கிறது. ஒரு மாலை உட்கார்ந்தால் பத்துப் பதினைந்து சிடியை ஏற்றிவிடலாம். எதை ஏற்றுவது, எதை விடுவது என்று அப்போது மறுபடி யோசிக்க வேண்டி வரும்.

போனை வீட்டில் போட்டுவிட்டு வரலாம் என்று யாரும் கனவு காண வேண்டாம். ரயில் டிக்கெட் அதில்தான், டீக்கடை க்யூஆருக்கும் அதுதான். பிளேயர் செய்யக்கூடியது, ஆவடியிலிருந்து சென்ட்ரல் வரை போனைப் பைக்குள் வைத்திருக்க விடுவது, அவ்வளவுதான். அதற்கு ஐந்தாறாயிரம் போதும். வயர் ஹெட்போன் மாட்ட 3.5 மி.மீ. துளை, வெளியே எடுக்கக்கூடிய கார்டு, பைக்குள் கைவிட்டே தடவிப் பாட்டு மாற்றக்கூடிய நிஜப் பொத்தான்: இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் வாங்காதீர்கள். பிளேயருக்கு ஆர்டர் போடுவதற்கு முன் சிடிக்களை இறக்கித் தூசி தட்டுங்கள். இருபது பாட்டு தேறவில்லை என்றால் காசை மிச்சம் பிடியுங்கள்.