ஜப்பானில் வாணவேடிக்கை ஏன் சோகப் பாட்டாகிறது?

சுங்கைப்பட்டாணியிலோ கூலிமிலோ அனிமே பார்த்து வளர்ந்த பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால், ஜப்பானிய வாணவேடிக்கைப் பாட்டு ஒன்றாவது உங்கள் காதில் விழுந்திருக்கும். சொல் விளங்காவிட்டாலும் ஒரு விஷயம் உடனே பிடிபடும்: பாடுகிறவர் சந்தோஷமாக இல்லை. மேலே வானம் பூப்பூவாக வெடிக்கிறது, கீழே ஒருவர் குரல் கம்மப் பாடுகிறார். தீபாவளிக்கு முந்திய வாரம் பாசார் மாலாமில் மத்தாப்புக் கட்டு வாங்கிக்கொண்டு திரும்பும் நமக்கு இது கொஞ்சம் விசித்திரம்தான்.

அங்கே இது தனி வகையாகவே வளர்ந்துவிட்டது. பாடகி ஐகோவுக்குப் பெரிய பெயர் வாங்கிக்கொடுத்தது 1999 ஆகஸ்டில் வந்த ‘ஹனபி’. வாணவேடிக்கைக்கு ஜப்பானிய மொழியில் அதுதான் பெயர். கைகூடாத காதலைச் சொல்லும் அந்தப் பாட்டில் ஒரு நல்ல கற்பனை உண்டு. எல்லாரும் கீழிருந்து அண்ணாந்து பார்ப்பதை அந்தப் பெண் வானத்தின் உச்சியிலிருந்து குனிந்து பார்க்கிறாள். அடுத்த ஆண்டே ஹொக்காய்டோவின் கிதாமி என்ற ஊரைச் சேர்ந்த பள்ளி மாணவிகளின் ராக் குழு ஒயிட்பெர்ரி, ‘நட்சு மட்சுரி’ என்ற பாட்டைப் பாடியது. 1990-இல் ஜிட்டரின் ஜின் குழு பாடியதன் மறுபதிப்பு அது. தாளம் துள்ளி ஓடும், கால் தானாக ஆடும். சொல்லைக் கேட்டால், என்றோ போய்விட்ட ஒரு கோடையில் தன் பக்கத்தில் நின்ற பெண்ணை ஒருவன் நினைத்துக்கொண்டிருப்பான். 2008-இல் மிஸ்டர் சில்ட்ரன் குழுவின் ‘ஹனபி’, மருத்துவ ஹெலிகாப்டர் குழுவைப் பற்றிய ‘கோட் புளூ’ என்ற தொலைக்காட்சித் தொடருக்காக வந்தது. அதில் திருவிழாவே இல்லை. கணத்தில் அணையும் வெளிச்சம் வாழ்க்கைக்கு உவமையாகிவிடுகிறது, அவ்வளவுதான்.

2017-இல் பிள்ளைகள் எல்லாரும் முணுமுணுத்த பாட்டு, தாவோகோவும் யோனெசு கென்ஷியும் சேர்ந்து பாடிய ‘உச்சியாகே ஹனபி’. ஓர் அனிமே படத்துக்காக வந்தது. படத்தின் மூலம், இவாய் ஷுன்ஜி 1993-இல் எடுத்த தொலைக்காட்சி நாடகம். வாணவெடி பக்கவாட்டில் பார்த்தால் உருண்டையாகத் தெரியுமா, தட்டையாகத் தெரியுமா என்று பள்ளிச் சிறுவர்கள் பந்தயம் கட்டுகிறார்கள். அதே வேளையில் அவர்களோடு படிக்கும் ஒரு பெண் ஊரை விட்டே போகப்போகிறாள். (பந்தயத்தின் விடையைச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானியப் பாணி வெடி, உருண்டைக் காகிதக் கூட்டுக்குள் மருந்து மணிகளைச் சுற்றிச் சுற்றி அடுக்கிச் செய்வது. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் வட்டம்தான்.)

இந்தச் சோகம் எங்கிருந்து வருகிறது என்று அறிய, முதலில் அவர்களுடைய கோடையைத் தெரிந்துகொள்ள வேண்டும். கெடாவில் கோடை என்று தனியாக ஒன்று கிடையாது. வெயில் உண்டு, மழை உண்டு. ஆண்டுத் தொடக்கத்தில் ரப்பர் மரம் இலை சிவந்து கொட்டும், பால் குறையும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பருவம் மாறும் அடையாளம் அதுதான். ஜப்பானில் ஜூன், ஜூலை மழை ஓய்ந்ததும் சுள்ளென்று வெயில் பிடிக்கும். பள்ளிகளுக்கு ஜூலை பிற்பகுதியிலிருந்து ஏறக்குறைய ஆகஸ்ட் முடிய விடுமுறை. ஊர் ஊராக வாணவேடிக்கை நடப்பதும் பெரும்பாலும் இந்தச் சில வாரங்களில்தான். ஆகவே பிள்ளைகளின் நினைவில் வாணவேடிக்கை, விடுமுறை, முதல் காதல், ஊர் மாறிப்போகும் சிநேகிதன் எல்லாம் ஒரே முடிச்சில் கிடக்கின்றன. ஸோன் என்ற பெண்கள் குழு 2001-இல் பாடிய ‘சீக்ரெட் பேஸ்’ இந்தப் பிரிவைத்தான் சொல்கிறது. 2011-இல் ‘அனோஹனா’ அனிமே அதே பாட்டை மறுபடி எடுத்துக்கொண்டது. செத்துப்போன சிறுவயதுத் தோழிக்காக நண்பர்கள் ஒரு வாணவெடியை ஏவும் கதை அது.

சாவு இங்கே தற்செயலாக வந்து சேரவில்லை. ஆகஸ்ட் நடுவில், ஜப்பானின் பெரும்பகுதியில், ஓபோன் வருகிறது. முன்னோர் வீடு தேடி வந்து, சில நாள் தங்கி, திரும்பிப் போகும் காலம். டோக்கியோவின் சுமிதா ஆற்று வாணவேடிக்கை 1978-இல் இன்றைய பெயரோடு மீண்டும் தொடங்கியது. அதன் வேரை 1733-க்குக் கொண்டுபோய், முந்திய ஆண்டின் பஞ்சத்தில் மடிந்தவர்களுக்காக ஏற்பட்டது என்று மரபாகச் சொல்வார்கள். நாகவோகா நகரம் இன்னும் நேராகவே பேசுகிறது. 1945 ஆகஸ்ட் 1 இரவு பத்தரை மணிக்கு அமெரிக்க விமானங்கள் அந்நகரின் மீது குண்டு வீசத் தொடங்கின. 1,480-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இன்றும் அதே நாள், அதே பத்தரை மணிக்கு அங்கே வெள்ளை வாணவெடிகளை ஏவுகிறார்கள். பெரிய வாணவேடிக்கை ஆகஸ்ட் 2, 3 தேதிகளில் நடக்கும். அப்பகுதியை உலுக்கிய 2004 நிலநடுக்கத்துக்குப் பிறகு அதில் ‘ஃபீனிக்ஸ்’ என்ற நீண்ட வரிசை சேர்ந்தது. அதற்கு ஹிராஹாரா அயாகாவின் ‘ஜூபிட்டர்’ பாட்டை ஒலிக்கவிடுகிறார்கள்.

கெடாவில் உட்கார்ந்து இதைப் படிக்கும்போது இன்னொரு கணக்கும் நினைவுக்கு வரும். 1941 டிசம்பரில் ஜித்ரா வழியாக இறங்கிய ஜப்பானியப் படை, பிறகு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரைச் சயாம் மரண ரயில் வேலைக்குக் கொண்டுபோனது. நாகவோகாவில் இறந்தவர்களுக்கு ஆண்டுதோறும் வானத்தில் வெள்ளைப்பூ பூக்கிறது. சயாமில் இறந்த நம்மவர்களில் பலருக்குக் கல்லறை கூடக் கிடையாது. அதற்காக அந்தப் பாட்டுகளை வெறுக்கச் சொல்லவில்லை. தெரிந்துகொண்டு கேட்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

முன்னோர் வருகை நமக்கும் புதிதல்ல. தீபாவளியை ஒட்டி முன்னோருக்குப் படையல் போடும் வழக்கம் மலேசியத் தமிழர் வீடுகளில் இன்றும் இருக்கிறது. அப்படியிருந்தும் நம் பட்டாசுப் பாட்டில் துக்கம் ஏன் இல்லை? என் கணிப்பு இது. ஜப்பானியப் பாட்டு பார்க்கிறவர் பாட்டு, நம்முடையது கொளுத்துகிறவர் பாட்டு. ஆற்றங்கரையில் பாய் விரித்து, கூட்டத்தோடு கூட்டமாக அண்ணாந்து உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் நடுவில் இருட்டு கிடைக்கிறது. பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கவும் நேரம் கிடைக்கிறது. கையில் ஊதுபத்தியோடு திரியில் நெருப்பு வைத்துவிட்டு ஓடுகிறவனுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்?

தமிழ்ப் படங்களிலும் இதைப் பார்க்கலாம். 1985-இல் வந்த ‘பூவே பூச்சூடவா’வில் சித்ரா குரலில் ஒரு பட்டாசுப் பாட்டு உண்டு. பாட்டியைத் தேடி வந்த பேத்தி அதில் துள்ளிக் குதிக்கிறாள். அவள் நோயாளி, அதிக நாள் இருக்கமாட்டாள் என்பது படத்தில் பின்னால்தான் தெரியும். பாட்டு அதைக் காட்டிக்கொடுப்பதில்லை. இதே காட்சியை ஒரு ஜப்பானிய இசைக்குழுவிடம் கொடுத்திருந்தால் முதல் வரியிலேயே நம்மை அழவைத்திருப்பார்கள்.

இந்த இலக்கணத்தை மீறிய பாட்டு ஒன்றும் நம்மிடம் இருக்கிறது. 1959-இல் ஸ்ரீதர் இயக்கிய ‘கல்யாணப் பரிசு’ படத்துக்குப் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதி, ஏ.எம். ராஜா இசையமைத்த தீபாவளிப் பாட்டு. அது இரண்டு முறை வரும். பி. சுசீலா பாடும்போது கொண்டாட்டம். ஏ.எம். ராஜாவே பாடும்போது காதல் கைவிட்டுப் போய், அதே தீபாவளி கண்ணீராகிவிட்டிருக்கும். போன தீபாவளிக்கு இருந்தவள் இந்தத் தீபாவளிக்கு இல்லை என்ற ஜப்பானியச் சூத்திரம் அப்படியே அதில் இருக்கிறது. வானொலியில் ஒவ்வொரு தீபாவளிக்கும் கொண்டாட்டப் பாட்டைத்தான் போடுவார்கள். எனக்கு மற்றதுதான் பெரிய பாட்டு.

இப்போது நாமும் மெல்லப் பார்க்கிறவர்களாக மாறிவருகிறோம். பட்டாசு இந்நாட்டில் 1957-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்துக்குள் அடங்கும். உரிமம் இல்லாமல் விற்கக்கூடாது. லயத்து வாசலில் ஊரே கூடி வெடித்த தோட்டங்கள் பல, செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டமாகவும் மாறிவிட்டன. தாமான் வீட்டு வாசலில் நின்று யாரோ எங்கோ விடும் வாணத்தைப் பார்ப்பதே பலருக்குத் தீபாவளி இரவாகிவிட்டது. அதனால்தானோ என்னவோ, இந்த ஜப்பானியப் பாட்டுகள் நம் பிள்ளைகளுக்கு இவ்வளவு எளிதாக ஒட்டிக்கொள்கின்றன. பாலம் தாண்டினால் பினாங்கு பாடாங் கோத்தா லாமாவில் ஓபோன் நடன விழாவான போன் ஓடோரியும் நடக்கிறது. யுகாத்தா என்ற கோடை உடை உடுத்தி வரும் உள்ளூர்ப் பிள்ளைகளை அங்கே நிறையப் பார்க்கலாம்.

கேட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் ‘நட்சு மட்சுரி’யில் தொடங்குங்கள், மொழி தெரியாமலே பிடிக்கும். பிறகு ‘உச்சியாகே ஹனபி’. கடைசியாக ஃபுஜிஃபாப்ரிக் குழு 2007 நவம்பரில் வெளியிட்ட ‘வகமோனோ நோ சுபேத்தே’. கோடை தேய்கிற ஒரு மாலையில், ஆண்டின் கடைசி வாணவேடிக்கைக்கு அவள் வருவாளா என்று எண்ணியபடி ஒருவன் நடக்கிறான். அவ்வளவுதான் கதை. எழுதிப் பாடிய ஷிமுரா மசஹிகோ இரண்டு ஆண்டு கழித்து, 29 வயதில் இறந்துபோனார். இந்த வகையில் ஒரே ஒரு பாட்டுத்தான் கேட்பேன் என்று அடம்பிடிக்கிறவர்கள் அதையே கேளுங்கள், கூடவே ஏ.எம். ராஜா பாடிய அந்தத் தீபாவளிப் பாட்டையும்.