புள்ளகுட்டிக்காரர் புலியான கதை

“எனக்குப் புள்ளகுட்டி இருக்குங்க. நமக்கேன் வம்பு?”

தோட்டத்துப் பக்கம் போகும்போதெல்லாம் நம் காதில் விழும் பேச்சு இது. பெரட்டில் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விடுவதற்கும், வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீசு வந்தால் வாய் பேசாமல் மூட்டை கட்டுவதற்கும் இதுதான் காரணம். பேசுகிறவரை நாம் குறை சொல்ல மாட்டோம். குடும்பத்தை நினைத்துப் பயப்படாத தகப்பன் யார்? ஆனால் மனைவியையும் ஐந்து பிள்ளைகளையும் வைத்துக்கொண்டே பயப்படாமல் வாழ்ந்த ஒரு மனிதரை வாசகர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம். அவர்தான் கர்ப்பால் சிங்.

பினாங்கில் டத்தோ கிராமாட் சாலை வழியாகப் போனால் பாடாங் பிரவுன் திடல் வரும். பிரவுன் என்ற பழைய தோட்ட முதலாளி குடும்பத்தின் பெயர் அது. தோட்ட முதலாளிகள் பெயர் திடலுக்கும் சாலைக்கும் இருப்பது நமக்குப் புதிதல்ல. ஆனால் சற்றுத் தள்ளி ஜெலுத்தோங் கடலோரம் போய்ப் பாருங்கள். அங்கே ஒரு சாலைக்குக் கர்ப்பால் சிங்கின் பெயர். அவர் முதலாளி மகன் அல்லர். பஞ்சாபிலிருந்து வந்து, ஜாகா வேலை பார்த்தும் மாடு மேய்த்தும் பிழைத்த ஓர் ஏழையின் மகன்.

கர்ப்பால் 1940 ஜூன் 28ஆம் நாள் ஜார்ஜ் டவுனில் பிறந்தார். சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். ஒரே மூச்சில் தேறிய கெட்டிக்காரப் பையன் என்று நினைத்துவிடாதீர்கள். விளையாட்டுத்தனத்தில் தேர்வு தவறி, மற்றவர்களைவிட அதிக காலம் படித்து, 1969இல்தான் வழக்கறிஞர் ஆனார். மறு ஆண்டு அலோர் ஸ்டாரில் சொந்த அலுவலகம் திறந்தார். அதே ஆண்டில் குர்மிட் கௌரை மணந்தார். குடும்பமும் தொழிலும் ஒன்றாகவே வளர்ந்தன.

துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1977இல் 14 வயதுப் பையன் ஒருவனுக்குத் தூக்குத் தண்டனை விதித்தார்கள். அவனுக்காக வாதாடியவர் கர்ப்பால். கருணை காட்டப்பட்டு அந்த உயிர் தப்பியது. தூக்குத் தண்டனையே கூடாது என்று கடைசிவரை சொல்லி வந்தவர் அவர். மறு ஆண்டு, 1978இல், ஜெலுத்தோங் மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1999 வரை அந்தத் தொகுதி அவரிடமே இருந்தது. ‘ஜெலுத்தோங் புலி’ என்ற பட்டம் எப்படி வந்தது தெரியுமா? சாமிவேலுவோடு நடந்த சொற்போரில், அவர் வேண்டுமானால் சிங்கமாக இருந்துகொள்ளட்டும், நான் புலி, மலேசியக் காட்டில் சிங்கம் கிடையாதே என்றாராம்! கேட்டவர்கள் சிரித்தார்கள், பட்டம் ஒட்டிக்கொண்டது.

சிரிப்போடு போயிருந்தால் பரவாயில்லை. 1987 அக்டோபரில் ‘லாலாங் நடவடிக்கை’ வந்தது. நூறு பேருக்கு மேல் பிடிபட்டார்கள். விசாரணை இல்லாமலே அடைத்துவைக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கர்ப்பாலும் கமுந்திங் முகாமுக்குப் போனார். 1988 மார்ச்சில் ஈப்போ உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. அப்பா வருகிறார் என்று வீடு எப்படிக் காத்திருந்திருக்கும்! சில மணி நேரத்துக்குள் மறுபடியும் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். 1989 ஜனவரியில்தான் அவர் வெளியே வர முடிந்தது. அந்தப் பதினைந்து மாதமும் பிள்ளைகளைக் கட்டிக் காத்தவர் குர்மிட் கௌர். ஆகவே துணிச்சலுக்கு விலை கொடுத்தவர் கர்ப்பால் மட்டும் அல்லர். தோட்டத்துத் தாய்மாருக்கு இதை நாம் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

சரி, புள்ளகுட்டி என்ன ஆனார்கள்? கெட்டா போனார்கள்? மூன்று மகன்களும் ஒரு மகளும் சட்டமே படித்தார்கள். 2008 பொதுத் தேர்தலில் அப்பா புக்கிட் குளுகோரில் வென்றார். மகன் கோபிந்த் பூச்சோங்கில் வென்றார். மூத்தவர் ஜக்டீப் டத்தோ கிராமாட் சட்டமன்றத் தொகுதியில் வென்றார். டத்தோ கிராமாட், அப்பா கட்டியாண்ட ஜெலுத்தோங் நாடாளுமன்றத் தொகுதிக்குள் அடங்கியது. அப்பா நடந்து பழகிய மண்ணில் மகன் நின்றார்.

அப்பாவால் அப்போது நடக்க முடியாது. 2005 ஜனவரியில் பினாங்கில் அவர் ஏறிவந்த டாக்சியை ஒரு கார் மோதியது. அன்றிலிருந்து சக்கர நாற்காலிதான். வேறொருவராக இருந்தால் வீட்டோடு முடங்கியிருப்பார். இவரோ அதே நாற்காலியில் நீதிமன்றத்துக்கும் போனார், நாடாளுமன்றத்துக்கும் போனார். கூடவே குடும்பம் போனது.

2014 ஏப்ரல் 17ஆம் நாள், விடியாத நேரம். ஒரு வழக்குக்காகக் கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு வந்துகொண்டிருந்தார். கம்பார் அருகே நெடுஞ்சாலையில் கார் ஒரு லோரியில் மோதியது. கர்ப்பாலும் அவருடைய நெடுங்கால உதவியாளரும் அங்கேயே இறந்தார்கள். வயது 73. அதே காரில் இருந்த மகன் ராம்கர்ப்பால் உயிர் தப்பினார். மறு மாதமே இடைத்தேர்தலில் நின்று அப்பாவின் தொகுதியை ஏற்றுக்கொண்டார்.

அவருடைய கட்சி வேறு, உங்கள் கட்சி வேறாக இருக்கலாம். நாம் ஓட்டுக் கேட்க இதை எழுதவில்லை. எல்லாரும் சிறைக்குப் போங்கள் என்றும் சொல்லவில்லை. அடுத்த முறை “புள்ளகுட்டி இருக்கு” என்று வாயெடுக்கும்போது, அந்த ஜாகாக்காரர் மகனை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போனதும் மனைவி மக்களை உட்காரவைத்து, என்ன செய்யலாம் என்று கேளுங்கள். “பேசுங்க, நாங்க இருக்கோம்” என்று அவர்களே சொன்னாலும் சொல்வார்கள்.