வீடும் ஒரு வேலைத்தலம்தான்

மூலனூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் பருத்தி மூட்டைக்கு எடை உண்டு, ஏலம் உண்டு, கணக்கு உண்டு. திருப்பூர் பனியன் கம்பெனிக்குத் தொழிலாளர் சட்டம் உண்டு. வளைகுடா நாட்டு வீடுகளில் சமைத்து, துவைத்து, குழந்தை வளர்க்கும் பெண்ணின் உழைப்புக்கு இப்படியொரு கணக்கு நெடுங்காலம் இல்லை. அங்குள்ள கஃபாலா என்ற முறை அவள் விசாவை முதலாளியோடு கட்டிப்போட்டது. பாஸ்போர்ட்டும் அவர் கைக்குப் போய்விடுவது வழக்கமானது. இந்த நிலையை உலக மேடைக்குக் கொண்டுபோனவர்கள் வீட்டு வேலை செய்யும் பெண்களேதான். தென்னாப்பிரிக்காவின் மிர்டில் விட்பூய் போன்றவர்கள் ஜெனீவாவரை சென்று வாதாடினார்கள். 2011 ஜூனில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை பிறந்தது: வாரம் தொடர்ச்சியாக 24 மணி நேர ஓய்வு, பாஸ்போர்ட் தன் கையிலேயே. ஆதரித்து வாக்களித்த இந்தியா இன்றுவரை அதை ஏற்புறுதி செய்யவில்லை. இது எனக்குப் பெரும் வேதனை.

வீடு அந்தரங்கமான இடம், அங்கே சட்டம் நுழையலாமா என்கிறார்கள் சிலர். அந்தரங்கத்தை மதித்தே ஆய்வு நடக்கலாம் என்று அந்த உடன்படிக்கையே வழி சொல்கிறது. பெண்களை அனுப்பாமலிருப்பதே பாதுகாப்பு என்பது இன்னொரு வாதம். இந்தியாவிலிருந்து செல்லக் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் நாடுகளுக்கு வீட்டு வேலைக்குச் செல்ல 30 வயது நிரம்ப வேண்டும் என்ற நம் விதி அந்த எண்ணத்தில் வந்ததுதான். வறுமை வயது பார்ப்பதில்லை. தடுக்கப்பட்டவள் சுற்றுலா விசாவில் ஏஜென்ட் வழியாகப் போகிறாள். பதிவு இல்லாததால் தூதரகத்துக்கும் அவள் தெரிவதில்லை. கட்டுப்படுத்த வேண்டியது ஏஜென்டையும் முதலாளியையும். ஊரில் தொடங்கவும் இடமுண்டு: தமிழகத்தில் 2007 முதல் வீட்டுப் பணியாளர் நல வாரியம் இருக்கிறது. வெளிநாடு செல்பவரையும் திரும்பி வருபவரையும் அது பதிவு செய்யட்டும்.