எல்லை தவறிய கோப்புகள்

கம்ப்யூட்டர் வாங்கியபோது கடைக்காரர் ‘சி’ என்றும் ‘டி’ என்றும் இரண்டாகப் பிரித்துக் கொடுத்த ஹார்ட் டிஸ்கில், சில வருஷங்களுக்குள் ‘சி’ நிறைந்து திணறுவதையும் ‘டி’ பாதிக்குமேல் காலியாகக் கிடப்பதையும் காண்கிற எவருக்கும், ஒன்றிலிருந்து கொஞ்சம் எடுத்து மற்றொன்றுக்குக் கொடுத்துவிடலாமே என்ற எண்ணம் உதிப்பது சகஜம். எண்ணம் நியாயமானதே, அதற்கென்றே மென்பொருள்களும் உண்டு, பெரும்பாலும் காரியம் விக்கினமின்றி முடிந்தும்விடுகிறது. நடுவழியில் மின்சாரம் போய்விட்டாலோ, பொறுமையிழந்த யாரேனும் பட்டனை அழுத்தி நிறுத்திவிட்டாலோதான் விபரீதம். மறுபடி இயக்கியதும், ‘டி’ டிரைவைப் பயன்படுத்துமுன் அதை ஃபார்மேட் செய்தாக வேண்டும் என்று விண்டோஸ் வெகு மரியாதையாகத் தெரிவிக்கும். அந்த மரியாதைக்கு மயங்காமல் ‘கேன்சல்’ கொடுப்பவருக்குப் பாதி பொருள் அப்போதே மீண்டுவிட்டது என்பேன்.

ஏனெனில் அந்த நிமிஷத்தில் உண்மையாகவே அழிந்திருப்பது பெரும்பாலும் மிகச் சொற்பம். பழைய முறையில் அமைந்த வட்டின் முதல் செக்டார் 512 பைட் கொண்டது. அதில் 446 பைட் கம்ப்யூட்டரை எழுப்பும் நிரலுக்கும், கடைசி 2 பைட் அடையாளக் குறிக்கும் போக, நடுவே எஞ்சிய 64 பைட்டில்தான் எந்தப் பார்ட்டிஷன் (அதாவது ‘சி’, ‘டி’ போன்ற பிரிவு) எங்கே தொடங்கி எவ்வளவு தூரம் ஓடுகிறது என்ற கணக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது. ஒரு பார்ட்டிஷனுக்கு 16 பைட். ஆகவே நான்குக்கு மேல் இடமில்லை. ஐபிஎம் நிறுவனம் 1983-ல் 10 மெகாபைட் வட்டுடன் கம்ப்யூட்டர் விற்ற காலத்து ஏற்பாடு இது என்பதை நினைத்தால் அதன் சிக்கனம் ஆச்சரியமில்லை. இப்போது வழங்கும் ஜிபிடி முறையோ சாதாரணமாக 128 பார்ட்டிஷன்களுக்கு இடம் வைப்பதோடு, இந்தக் கணக்கு அட்டவணையின் பிரதியொன்றை வட்டின் கோடியிலும் பத்திரப்படுத்துகிறது. எம்முறையாயினும், பட்டா தொலைந்ததனால் வயல் தொலைந்துவிடாது.

அட்டவணை மட்டும் கெட்டிருந்தால் பரிகாரம் சுலபம். கிறிஸ்டோஃப் கிரெனியே என்பவர் இயற்றி, யாவருக்கும் இலவசமாக அளித்திருக்கும் ‘டெஸ்ட்டிஸ்க்’ என்னும் மென்பொருள், அட்டவணையை நம்பாமல் வட்டையே துழாவி, ஒவ்வொரு பார்ட்டிஷனும் தன் தலைப்பில் தாங்கியிருக்கும் அடையாளத்தைத் தேடிப் பிடிக்கிறது. தலைப்பு சிதைந்திருந்தாலும் பாதகமில்லை. என்டிஎஃப்எஸ் முறையில் அத்தலைப்பின் நகல் பார்ட்டிஷனின் கடைசி செக்டாரில் இருக்கும். அளவு மாற்றப்பட்ட வட்டில் பழைய எல்லையும் புதிய எல்லையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியபடி இரண்டுமே திரையில் வந்து நிற்பதுண்டு. எது மெய் என்று ஊகிக்க வேண்டாம்: ஒரு வரியில் நின்று ‘பி’ எழுத்தை அழுத்தினால் அதிலுள்ள கோப்புகளின் பெயர்கள் விரியும். பெயர்கள் ஒழுங்காகத் தெரிவதோடு, அவற்றில் சிலவற்றை வேறொரு வட்டுக்கு நகலெடுத்துத் திறந்து பார்த்து, உள்ளடக்கமும் சரியாயிருந்தால் மட்டுமே ‘ரைட்’ என்பதற்குப் போகலாம்.

பெயர் சரியாயிருந்து உள்ளடக்கம் தவறிப்போவது எப்படி என்று கேட்கலாம். ‘சி’க்கு வலப்புறம் ‘டி’ இருக்கையில் ‘சி’யை 50 ஜிபி நீட்ட வேண்டுமாயின், ‘டி’யின் தொடக்கமே 50 ஜிபி தள்ளிப்போக வேண்டும், அதிலுள்ள தரவு அனைத்தும் அப்படியே பெயர்ந்தாக வேண்டும். இருப்பதன்மேலேயே எழுதி அழித்துவிடாதபடி, மென்பொருள் வால் பக்கத்திலிருந்து தொடங்கித் தலையை நோக்கி நகர்த்திக்கொண்டு வரும். பாதியில் நின்றால், வால் புதிய இடத்திலும் தலை பழைய இடத்திலுமாக வட்டு இரண்டுபட்டுக் கிடக்கும். எந்த எல்லையைத் தேர்ந்தாலும் ஒரு பாதி பிசகும். ஆயினும் இதில் ஒரு சூட்சுமம் உண்டு: எவ்வளவு தூரம் நகர்த்தினோமோ அவ்வளவு, அதாவது 50 ஜிபி அளவுள்ள துண்டு, நின்றுபோன இடத்தருகே பழைய ஸ்தானத்திலும் புதிய ஸ்தானத்திலும் இரட்டையாக இருக்கும். அந்த இரட்டையைக் கண்டுபிடிப்பவர், எதுவரை நகர்ந்தது என்பதை நிர்ணயித்து, மிச்சத்தையும் நகர்த்தி முடித்துவிடலாம். இது அனுபவசாலிகளின் வேலை; ஆனால் எவ்வளவு இடம் மாற்றச் சொன்னீர்கள் என்ற கணக்கை அவர்களிடம் சரியாகச் சொல்வது உங்கள் வேலை.

அதற்குள், வட்டின் பிழை திருத்தும் ‘செக்டிஸ்க்’ ஓட்டிப் பார்ப்போமே என்று பலர் முற்படுகிறார்கள். பாதி நகர்ந்த வட்டில், பொருந்தாதவற்றையெல்லாம் பிழையென்று தீர்மானித்து அது ‘திருத்த’த் தொடங்கினால், திருத்தியதை மீட்பது முன்னதைவிடக் கடினம். முதலில் செய்யத்தக்கது, சம அளவோ பெரிதோ ஆன வேறொரு வட்டுக்கு, செக்டார் செக்டாராகப் பிரதி எடுப்பது, பிரயோகமெல்லாம் பிரதியின்மேல்தான். மீட்கும் மென்பொருளைப் பழுதுற்ற வட்டிலேயே நிறுவுவதும் கூடாது. எஸ்எஸ்டி வட்டாயின் எச்சரிக்கை இரு மடங்கு வேண்டும்: ஃபார்மேட் செய்தவுடனே விண்டோஸ் அனுப்பும் ‘ட்ரிம்’ கட்டளையால், பழைய தரவை வட்டே துடைத்துவிடக்கூடும், பின்னர் எந்த நிபுணரிடம் போயும் பிரயோஜனம் இராது.

எல்லையும் இசையவில்லை, இரட்டையும் கிடைக்கவில்லை என்றால், டெஸ்ட்டிஸ்குடனேயே வரும் ‘ஃபோட்டோரெக்’ இருக்கிறது. அது எல்லையையோ பெயரையோ லட்சியம் செய்யாமல், ஜேபெக் படமானால் எஃப்எஃப் டி8 எஃப்எஃப் என்று தொடங்கும் என்பதுபோல, ஒவ்வொரு வகைக் கோப்பின் முகத்தை மட்டும் கொண்டு அள்ளி எடுக்கும். துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும் பெரிய வீடியோக்கள் இதில் பெரும்பாலும் தேறுவதில்லை. படங்கள் நிறையத் தேறும். ஆனால் ‘அக்கா கல்யாணம்’ என்று பெயரிட்டு வைத்த ஃபோல்டர் திரும்பி வராது. ஒவ்வொரு படமும் ‘எஃப்’ என்ற எழுத்தும் செக்டார் எண்ணுமே பெயராக வந்து குவியும். கேமரா படத்துக்குள்ளேயே பதித்துவைத்த தேதியைக் கொண்டு அவற்றை வருஷவாரியாக அடுக்கிவிடலாம். அதற்குப் பிறகு யாருடைய கல்யாணம் என்பதை வீட்டிலுள்ள பெரியவர்களை உட்கார்த்திவைத்துத்தான் கேட்க வேண்டும்.